ஜிம்மி உறுமாத நாள்

எனக்கு ஒரு மனிதர் மேல் பொறாமை. அவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. நானும் தொழிலை விட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். பொறாமை மட்டும் இன்னும் ரிடையர் ஆகவில்லை. தூங்கிக்கொண்டிருந்த அதைப் போன வாரம் மாடி வீட்டு சுஜாதா தட்டி எழுப்பிவிட்டாள்.

மும்பை வாஷியில் எங்கள் கட்டடத்தில் இப்போது மாடிக்கு மாடி நாய். சுஜாதா வீட்டிலும் ஒன்று இருக்கிறது, பெரிய சடை நாய். லிஃப்டில் அதோடு நின்றுகொண்டிருந்தவள், "அங்கிள், நாங்க டாக்டரை மாத்திட்டோம்" என்றாள்.

"ஏன், என்னாச்சு?"

"அவரைப் பார்த்தாலே இவன் உறுமறான். அடுத்து ஒருத்தர்கிட்ட போனோம், ரெண்டாவது தடவையே அவரையும் பார்த்து உறுமினான். இப்ப போற இடத்துல ஒவ்வொரு தடவையும் வேற வேற டாக்டர். அதனால உறுமவே மாட்டேங்கறான். கித்னா அச்சா ஹை, எவ்வளவு நிம்மதி, இல்ல?"

"அடிப்பாவி! உறுமினவரையே வச்சுக்க வேண்டாமா?" என்றேன்.

கிழவர் ஏதோ ஜோக் அடிக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்தபடி அவள் மாடியில் இறங்கிப் போய்விட்டாள். லிஃப்டில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், கால்நடை மருத்துவன். மெட்ராஸில் படித்துவிட்டு அறுபதுகளின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வந்தேன். தாராவியில் சித்தப்பா வீட்டில் தங்கிக்கொண்டு, தாதரில் ஒரு பார்சிக்காரரின் கிளினிக்கில் உதவி டாக்டராகச் சேர்ந்தேன். கல்லூரியில் மாடு, குதிரை, கோழி என்று எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டுப் படியேறிக் கதவைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லித்தரவில்லை.

அதைச் சொல்லிக் கொடுத்தவர் என் முதலாளி தஸ்தூர் சாஹேப். சொல்லிக் கொடுத்தார் என்பதைவிடத் திட்டிப் புகட்டினார் என்பது பொருத்தம். கனத்த ஆள், எப்போதும் வெள்ளைப் பேன்ட், மூக்கின் நுனியில் கண்ணாடி. எந்தப் பிராணி வந்தாலும் எடுத்த எடுப்பில் தொடமாட்டார், எங்களையும் தொட விடமாட்டார். "பெஹலே தேக்" என்பார். கதவருகிலேயே நின்று முதலில் பார்க்க வேண்டும். நாய் எப்படி நிற்கிறது, யார் பின்னால் ஒளிகிறது, நம்மைக் கண்டதும் காது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் கை. அவசரப்பட்டுக் கையை நீட்டினால் புறங்கையில் ஸ்டெதஸ்கோப்பாலேயே ஒரு தட்டு விழும்.

அவர் கிளினிக்கில் இன்னொரு சட்டமும் உண்டு. நோயை வைத்து வேலையைப் பிரிக்கமாட்டார், வீட்டை வைத்துத்தான் பிரிப்பார். ஒரு வீட்டுக்கு ஒரு டாக்டர். அந்த வீட்டு நாய்க்குக் காது வலித்தாலும் அவன்தான், கால் உடைந்தாலும் அவன்தான். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் தாராவியும் மாட்டுங்காவும் என் தலையில் விழுந்தன.

தாராவியில் எனக்கு ராஜ மரியாதை. நம்மூர் ஜனங்கள். ஆட்டுக்கு வயிறு ஊதினால், "ஏ டாக்டரய்யா, நம்ம ஆடு படுத்துட்டு எந்திரிக்க மாட்டேங்கு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று ஆள் வந்துவிடும். வேறு டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே அவர்களுக்குக் கிடையாது. அதில் நான் திருப்திப்பட்டிருக்கலாம். ஆனால் மாட்டுங்கா என்று ஒன்று இருந்ததே! அங்கே சேஷன் டாக்டர் என்று ஒருவர் இருந்தாரே!

சேஷன் டாக்டர் மனுஷர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். மாட்டுங்கா தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு அவர்தான் ஃபேமிலி டாக்டர். ஆள் சிவப்பு, நெற்றியில் சின்னதாய்ச் சந்தனம், கறுப்பாய் ஒரு சின்னக் கார். பெண்ணுக்கு வரன் பார்ப்பதென்றாலும் அவரைக் கேட்பார்கள், பையனை என்ஜினீயரிங்கில் சேர்ப்பதா காமர்ஸில் சேர்ப்பதா என்றாலும் அவரைத்தான் கேட்பார்கள். அதெல்லாம் போகட்டும். வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவர்தான்! குழந்தைக்குக் கொடுக்கிற மிக்சரில் பாதி அளவு கொடுக்கச் சொல்வார். பாட்டிலில் அளவுக்குக் காகிதம் வெட்டி ஒட்டியிருக்கும், பாருங்கள், அந்த மிக்சர். நாயும் குணமாகிவிடும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் வருஷத்துக்கு ஒரு தடவை வெறிநாய்க்கடி ஊசி போடுகிறவன். 'மாட்டு டாக்டர்.' என் காதுபடவே அப்படித்தான் சொல்வார்கள்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடி. பாலக்காட்டுக் குடும்பம். கல்யாணி மாமி, கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்த அவள் கணவர் ராமநாதன், அப்புறம் ஜிம்மி. பிள்ளை குட்டி கிடையாது. ஜிம்மிதான் குழந்தை. வெள்ளையில் பழுப்புத் திட்டு போட்ட பெண் நாய், குட்டையான கால்கள். அவர்களைப் போலவே சுத்த சைவம், தயிர்சாதம் சாப்பிட்டு வளர்ந்தது.

ஜிம்மி குட்டியாக இருந்தபோது தொடையில் சீழ்க்கட்டி வந்தது. நான்தான் கீறிச் சுத்தம் செய்து, தினமும் போய் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தேன். அதற்கு அவள் எனக்குச் செய்த நன்றி என்ன தெரியுமா? அன்றிலிருந்து நான் இரண்டாவது மாடியில் கால் வைக்கும்போதே மூன்றாவது மாடியில் உறுமல் கேட்கும். கதவு திறப்பதற்குள் கட்டிலுக்கடியில் புகுந்து சுவரோடு ஒட்டிக்கொள்வாள். மாமி ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், நடுவில் நான் போர்வையோடு. வருஷா வருஷம் இதே கூத்து. இரண்டு தடவை என் கட்டைவிரல் ரத்தம் பார்த்தது.

சேஷன் டாக்டர் வந்தாலோ வாசலுக்கே ஓடிப்போய் நிற்பாள். வால் மட்டுமில்லை, இடுப்பே ஆடும். அவர் கோட்டுப் பையில் இவளுக்கென்று பிஸ்கட் இருக்கும். பிஸ்கட் கொடுக்க யாருக்குத்தான் தெரியாது? நானும் ஒரு தடவை வாங்கிக்கொண்டு போனேன். மோந்துகூடப் பார்க்கவில்லை.

காபியிலும் அதே கதை. டாக்டருக்கு வெள்ளி டம்ளர். எனக்குக் கண்ணாடி கிளாஸ், அதுவும் வாசல் பக்கத்து நாற்காலியில். மாமி நல்லவள்தான், மனதில் கள்ளம் கிடையாது. அது அப்படித்தான் என்று இருந்தது, அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு நவராத்திரி சமயம் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்க்கப் போனவன், அவர்கள் வீட்டுப் பால்கனியில் ஜிம்மியைக் கட்டிப்போட்டிருந்ததைக் கண்டேன். என்னைக் கண்டதும் வழக்கம்போல் உறுமல். பக்கத்தில் தனியாக ஓர் அலுமினியத் தட்டு, தனியாக ஒரு தண்ணீர்க் கிண்ணம், பழைய கோணி. ஹாலில் கொலு வைத்திருந்தார்கள்.

"என்ன மாமி, ஏதாவது தப்பு பண்ணிட்டாளா?" என்று கேட்டேன்.

மாமி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "இல்லை, அவ... ஒதுங்கியிருக்கா" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

அந்த வீட்டில் பெண்களுக்கு என்ன முறையோ அதேதான் நாய்க்கும். மூன்று நாள் பால்கனி, நாலாம் நாள் ஸ்நானம், அப்புறம் உள்ளே. நாய்க்கு மூன்று நாளில் நிற்காது என்று யார் போய் மாமியிடம் சொல்வது? நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

கார்த்திகை பிறந்தது. ஜிம்மிக்கு வருஷாந்தர ஊசி போட வேண்டிய சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது மாடி தாண்டினேன். சத்தமில்லை. மூன்றாவது மாடிக்கும் ஏறியாயிற்று, சத்தமில்லை. மாமி கதவைத் திறந்தாள். ஜிம்மி கட்டிலுக்கடியில் இல்லை. ஹாலில் மொசைக் தரையில் வயிறு பட நீட்டிப் படுத்திருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நெற்றியைத் தடவினேன். தடவ விட்டாள்!

"பாருங்கோ, பாருங்கோ! இப்போ உங்ககிட்டயும் சமத்தாயிட்டா" என்றாள் மாமி.

எனக்கும் ஒரு கணம் உச்சி குளிர்ந்துவிட்டது. 'வாடி வழிக்கு! கடைசியில் நான் யாரென்று தெரிந்துவிட்டதா?' என்று மனசு துள்ளியது. இன்னும் இரண்டு தடவை தடவினேன். அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டது. இவள் என்னைத் தடவ விடுகிறவளா? தெருவில் நூறு நாய்கள் என்னிடம் சாதுவாக இருக்கும், அது அந்த நாய்களின் சுபாவம். ஜிம்மி சாதுவாக இருக்கிறாள் என்றால் உறுமத் தெம்பில்லை என்று அர்த்தம்.

ஊசியைப் பையிலேயே விட்டேன். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. விரலால் ஈறை அழுத்தி எடுத்தால், அழுத்திய இடத்தில் ரத்தம் சட்டென்று திரும்பிச் சிவக்க வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தது. பிடரித் தோலை இழுத்து விட்டேன், விட்ட இடத்திலேயே கூடாரமாக நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிப் போயிருந்தது. ஜுரம் பார்த்தேன், இருக்க வேண்டிய சூட்டைவிடக் குறைவு. அடிவயிற்றில் இரண்டு கையையும் வைத்து மெதுவாக அழுத்தினேன். உள்ளே ஏதோ பெரிதாக, மெத்தென்று நழுவியது. ஜிம்மி முனகினாள்.

"தண்ணி நிறையக் குடிக்கிறாளா மாமி?"

"குடம் குடமான்னா குடிக்கறா. சாப்பிடறதில்லை, வாந்தி வேற. தீபாவளி பட்சணம் தின்னு வயித்தைக் கெடுத்துண்டிருக்கா. டாக்டர் நேத்திக்குக்கூட வந்து பார்த்தார். மிக்சர் குடுத்திருக்கார்."

"கொலு சமயத்துல பால்கனியில இருந்தாளே, அதுக்கப்புறம் ஒதுங்கினாளா?"

மாமி விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "இல்லை."

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"ஐயய்யோ! அவர்கிட்டப் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்றது?"

"எங்கிட்ட சொல்றீங்களே?"

"நீங்கதான் கண்ணால பார்த்துட்டேளே!"

பெண் நாய்களுக்கு அந்தக் காலம் முடிந்து சில வாரம் கழித்துக் கர்ப்பப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் வியாதி ஒன்று உண்டு. வெளியே வழி இருந்தால் வடியும், கண்ணில் படும். வழி அடைத்துக்கொண்டால் உள்ளேயே நிறையும், உடம்பு பூராவும் விஷம் ஏறும். அன்றைக்கிருந்த மருந்தில் அது அடங்காது. கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும், அதுவும் உடனே. ஒரு நாள் தள்ளினால் நாய் இல்லை.

ராமநாதனிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வயித்தைக் கிழிக்கணுமா? என்ன சார் சொல்றேள்? சேஷன் நேத்திக்குத்தானே பார்த்தார். நன்னா வாலை ஆட்டித்து. பயப்பட ஒண்ணுமில்லைன்னாரே."

"அவர் வயித்தை அமுக்கிப் பார்த்தாரா?"

"அவர் பார்த்தார்னா பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே அழைச்சுண்டு போறேன். அவர் சொல்லாம முடியாது."

எனக்கு ரத்தம் கொதித்தது. படித்தவன் நான், தொட்டுப் பார்த்தவன் நான், ஆனால் உத்தரவு அவர் கொடுக்க வேண்டும்! சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஜிம்மி தரையில் கிடந்தாள். வீம்பு பிடிக்க நேரமில்லை. படியிறங்கி சேஷன் டாக்டரின் டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

உள்ளே பெஞ்சு நிறைய ஜனம். கம்பவுண்டர் என்னை நிறுத்தி, "என்ன உடம்புக்கு?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லை, நாய்க்கு" என்றேன். பெஞ்சு மொத்தமும் சிரித்தது. மானம் போயிற்று. அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சேஷன் டாக்டர் ஒரு குழந்தையின் தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பால்கனி விஷயத்தையும் சொன்னேன். அவர் டார்ச்சை அணைத்தார்.

"எனக்கு நேத்திக்கு எழுந்து வந்து வாலை ஆட்டினாளே, ஓய்."

"உங்களுக்குன்னா அவ உயிர் போற நேரத்துலயும் ஆட்டுவா சார். என்னைப் பார்த்து இன்னிக்கு உறுமலை. அவ என்னைப் பார்த்து உறுமாம இருந்ததே கிடையாது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

என்னை அவருடைய காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். மூன்று மாடி ஏறியதும் ஜிம்மி அவரைப் பார்த்தாள். எழுந்திருக்க முடியவில்லை. படுத்த இடத்திலேயே வால் நுனி மட்டும் இரண்டு தடவை தரையில் தட்டியது. சேஷன் டாக்டருக்கு முகம் மாறிவிட்டது.

"ராமநாதன், இந்த ஆத்துல நான் மனுஷாளுக்கு மட்டும்தான் டாக்டர். இவளுக்கு இவர்தான். இவர் சொல்றபடி பண்ணுங்கோ" என்றார்.

மாமி கிழிந்த சேலையால் ஜிம்மியைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். எந்த டாக்சிக்காரனும் நாயை ஏற்றமாட்டான், அவர் கார் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போமோ. அதையும் சொல்லத்தானே வேண்டும்!

தாதரில் தஸ்தூர் சாஹேப் கதவருகில் நின்று ஜிம்மியைப் பார்த்தார். வயிற்றை ஒரு தடவை தொட்டார். கையைக் கழுவிக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். "தேரா பேஷண்ட் ஹை. தூ கர்" என்றார். உன் பேஷண்ட், நீயே செய். அதுவரை அந்த ஆபரேஷனில் நான் கத்தரி எடுத்துக் கொடுத்தவன்தான். திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் அதைப் பார்க்காதவர்போல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் சலைன் ஏற்றினோம். முன்காலில் ரோமத்தை மழித்து, ரத்தக்குழாயில் மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நோஞ்சான் உடம்புக்கு வழக்கமான அளவு கொடுத்தால் தூக்கத்திலேயே போய்விடும். கண்ணிமையைத் தொட்டுப் பார்ப்பது, கொஞ்சம் விடுவது, மறுபடி தொட்டுப் பார்ப்பது. இமை அசையாமல் நின்றதும் வயிற்றில் அயோடின் தடவி, கொதிக்க வைத்த துணியால் மூடி, தொப்புளுக்குக் கீழே நேர்கோடாகக் கீறினேன்.

உள்ளே கர்ப்பப்பை இரண்டு நேந்திரங்காயைச் சேர்த்து வைத்ததுபோல் வீங்கிக் கிடந்தது. சுவர் காகிதமாக மெலிந்திருந்தது. "தபா மத்" என்றார் சாஹேப். அழுத்தாதே. அந்த ஆபரேஷன் முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான். அழுத்தினால் கிழியும், கிழிந்தால் சீழ் வயிற்றுக்குள் கொட்டும், அதோடு கதை முடிந்தது. உள்ளங்கையில் ஏந்தி வெளியே எடுத்தேன். ஒவ்வொரு ரத்தக்குழாயாகக் கிடுக்கி போட்டு, இரட்டை முடிச்சு போட்டு, அறுத்து எடுத்துத் தட்டில் வைத்தபோது தட்டு கனத்தது. கதவுக்கு வெளியே மாமி வாய்க்குள் ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

ஜிம்மி கண் விழித்தாள். ஆனால் பிழைத்தாள் என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு தினமும் காலையில் பென்சிலின் போடப் போனேன். இரண்டாவது மாடியில் நின்று காதைத் தீட்டிக்கொள்வேன். ஒன்றும் கேட்காது. ஊசி போட்டால் துடிக்கக்கூடமாட்டாள். "சமத்தா போட்டுக்கறா" என்பாள் மாமி. அந்த வார்த்தையைக் கேட்டதும் மறுபடி ஒரு தடவை ஈறைத் தூக்கிப் பார்ப்பேன். மற்ற டாக்டர்கள் எதற்கு வேண்டிக்கொள்வார்களோ தெரியாது. நான் ஒரு நாய் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டும் என்று மாட்டுங்கா கோவிலில் தேங்காய் உடைத்தேன்.

ஒரு காலை இரண்டாவது மாடியில் கால் வைத்தேன்.

உர்ர்ர்...

முதலில் நம்பவில்லை. இன்னொரு படி ஏறினேன். உறுமல் கூடியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மாட்டுங்காவில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், அந்த மாதிரி ஒரு சங்கீதம் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கீழேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு சேஷன் டாக்டர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"கேட்டீங்களா சார்? உறுமறா!"

"கேட்டேன், கேட்டேன்" என்று என் தோளைப் பிடித்து எழுப்பினார்.

கதவு திறந்தது. வயிற்றுக் கட்டோடு ஜிம்மி கட்டிலுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்து, என்னை விட்டு விலகிச் சுவரோரமாகவே சுற்றிப் போய், அவர் காலடியில் நின்று இடுப்பை ஆட்டினாள். பார்த்தீர்களா அநியாயத்தை! கர்ப்பப்பையை எடுத்தவன் நான், வால் ஆட்டுவது அவருக்கு.

மாமி காபி கொண்டுவந்தாள். எனக்கும் வெள்ளி டம்ளர். வெள்ளியில் ஊற்றிய காபி கையை இப்படிச் சுடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கீழே வைக்க மனசில்லாமல், சுடச் சுடப் பிடித்துக்கொண்டே குடித்தேன்.

சேஷன் டாக்டர் குடிக்கவில்லை. ஜிம்மியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தவர், "உம்ம மேல எனக்குப் பொறாமையா இருக்கு, ஓய்" என்றார்.

கேலி செய்கிறார் என்று ஏறிட்டுப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"என் பேஷண்ட் எல்லாரும் என்னைக் கண்டா எழுந்து உக்காந்துண்டு சிரிக்கறா. 'நீங்க வந்தேள், பாதி குணமாயிடுத்து டாக்டர்'ங்கறா. நானும் அதை நம்பிண்டு படியிறங்கறேன். இத்தனை வருஷத்துல அதுல எத்தனை பேர் எனக்காக வாலை ஆட்டினாளோ, யார் கண்டா?"

ஜிம்மி அவர் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தாள். நக்குவதை நிறுத்தாமலே கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, அடித்தொண்டையில் உறுமினாள்.